தென்னாப்பிரிக்கா ஒளித்து வைத்த ஆறு குண்டுகள்



1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள். தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் டி கிளர்க் எழுந்து ஒரு செய்தியைச் சொன்னார். தம் நாடு பல ஆண்டுகளாக மறைவில் அணுகுண்டு செய்து வந்தது என்றார். ஆறு குண்டுகள் செய்து முடிக்கப்பட்டன, ஏழாவது பாதி வேலையில் இருந்தது என்றார். இப்போது அவற்றில் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் பிரித்து அழிக்கப்பட்டுவிட்டன என்றும் அறிவித்தார். இந்த நாட்டிடம் குண்டு இருக்கிறதா, இல்லையா என்று உலகம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தது, இப்போது இல்லை என்று ஒரே மூச்சில் விடை வந்தது.

அணுகுண்டைத் தானே செய்து, பின் தானே அழித்த நாடு உலகில் இதுவரை தென்னாப்பிரிக்கா ஒன்றுதான். சோவியத் நாடு உடைந்தபோது உக்ரைன், கசகஸ்தான், பெலாருஸ் ஆகியவற்றின் மண்ணில் குண்டுகள் கிடந்தன. அவையும் அவற்றைக் கொடுத்துவிட்டன. ஆனால் அவை அந்நாடுகள் செய்தவை அல்ல. தென்னாப்பிரிக்கா செய்ததும் அதுவே, ஒழித்ததும் அதுவே. ஏன் செய்தது, யார் மேல் போட எண்ணியது, ஏன் ஒழித்தது என்பதைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகின்றோம்.

அணுகுண்டுக் கதை தோட்டத்து மக்களுக்கு எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தக் கதையின் ஒரு நுனி கரும்புத் தோட்டத்தில் இருக்கின்றது.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நாட்டால் மாநிலத்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் கரும்பு வெட்ட ஒப்பந்தம் செய்துகொண்ட கூலியாட்கள். 1911ஆம் ஆண்டு வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் தமிழரும் தெலுங்கரும். நம் முன்னோர் பினாங்கில் இறங்கிய அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து வேறொரு கப்பலில் ஏறியவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கி, காய்கறித் தோட்டம் போட்டார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்கள் நிலம் வாங்குவதும் விரும்பிய இடத்தில் குடியிருப்பதும் வெள்ளையர் ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. 1946ஆம் ஆண்டில் அதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. இந்தியா உடனே தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை நிறுத்தியது. புதிதாகப் பிறந்திருந்த ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் முறையிட்டது. தென்னாப்பிரிக்காவின் மீது உலக மன்றத்தில் எழுந்த முதல் வழக்கு இதுதான். கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பொருட்டு எழுந்த வழக்கு அது.

ஈராண்டு கழித்து 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிற ஒதுக்கல், அவர்கள் மொழியில் 'அப்பார்த்தைட்', அரசின் கொள்கை ஆயிற்று. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் என்று மக்களைப் பிரித்துப் பதிவு செய்தார்கள். இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் சட்டம் செய்தார்கள். தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு இலட்சக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களும் அதில் அகப்பட்டுக்கொண்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளையர் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே. நாட்டை ஆளும் வாக்கு அவர்களிடம் மட்டுமே இருந்தது.

கறுப்பின மக்கள் எங்குச் சென்றாலும் கையில் ஒரு பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறை. 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்ற ஊரில், இந்தப் புத்தகம் எங்களுக்கு வேண்டாம் என்று காவல் நிலையத்தின் முன் கூடிய கூட்டத்தின்மேல் போலீசார் சுட்டனர். 69 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுள் பலருக்கு முதுகில்தான் குண்டு பட்டிருந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டின் பெயரும் வருகின்றது. அந்த ஆண்டு மே மாதத்தில் இலண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் கூடினார்கள். உறுப்பு நாட்டின் உள்வீட்டுச் செய்தியைக் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது அங்கே நெடுநாள் வழக்கம். சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட ஆகாத மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தாமல் ஷார்ப்வில் கொலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுந்தார். தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணித்த நாடுகளில் மலாயாவும் ஒன்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் மீண்டும் கூடியபோது ஆசிய, ஆப்பிரிக்கத் தலைவர்களோடு கனடாவின் பிரதமரும் சேர்ந்துகொண்டார். குடியரசாக மாறிய பின்னும் காமன்வெல்த்தில் தொடர இடம் கேட்டு வந்த தென்னாப்பிரிக்கப் பிரதமர் வெர்வோர்ட், தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1961 மே 31ஆம் நாள் அந்நாடு காமன்வெல்த்துக்கு வெளியே நின்றது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இடமில்லை. 1974இல் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை அந்நாட்டுப் பேராளர்களை உட்காரவிடவில்லை. அந்நாட்டை அடியோடு நீக்கவே பாதுகாப்பு மன்றத்தில் தீர்மானம் வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு மூன்றும் சேர்ந்து தடுப்பு வாக்கைப் பயன்படுத்தித் தடுத்துவிட்டன. இதை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட நாடு என்றாலும் முற்றும் கைவிடப்பட்ட நாடு அன்று. தங்கம், வைரம், யுரேனியம், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல் வழி, இவற்றோடு கம்யூனிஸ்டு எதிர்ப்பு. இத்தனையும் சேர்ந்து மேற்கு நாடுகளை ஒரு கையால் திட்டவும் மறு கையால் தாங்கவும் வைத்தன.

யுரேனியம் என்றோம். தென்னாப்பிரிக்காவில் அது தனியாகக் கிடைத்த புதையல் அன்று. விட்வாட்டர்ஸ்ரான்ட் என்னும் மலைத்தொடரின் அடியில் தங்கம் வெட்டும்போது அதே பாறையில் கலந்து வருவது. தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து 1952 முதல் அதை எடுத்து அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் விற்றார்கள். அந்தப் பாறையை நிலத்துக்கு அடியில் ஒன்று, இரண்டு மைல் ஆழத்தில் வெட்டியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். மொசாம்பிக், மலாவி, லெசோத்தோ முதலிய நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்களுள் உண்டு. சுவர் எழுப்பிய வளாகங்களில் ஆண்களை மட்டும் அடைத்து வைத்தார்கள். நம் தோட்டத்து லயத்தில் என்ன குறை இருந்தாலும் பெண்டு பிள்ளைகள் உடன் இருந்தார்கள். அங்கே அவர்களைச் சுரங்கப் பக்கம் அழைத்துவரவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. குண்டுக்கான மூலப்பொருளை எந்த மக்களைக் கண்டு அரசு அஞ்சியதோ அந்த மக்களே வெட்டி மேலே அனுப்பினார்கள்.

பிரிட்டோரியா நகருக்கு மேற்கே பெலிண்டாபா என்ற இடத்தில் அணு ஆய்வு நிலையம் எழுந்தது. சூலு மொழியில் அதற்குப் 'பேச்சு முடிந்தது' என்று பொருள் சொல்வார்கள். அமெரிக்கா தந்த 'சபாரி-1' என்ற ஆய்வு உலை அங்கே 1965இல் இயங்கத் தொடங்கியது. அமைதிக்கு அணு என்ற பெயரில் அமெரிக்கா அக்காலத்தில் பல நாடுகளுக்கு இத்தகைய உலைகளைக் கொடுத்தது. பக்கத்திலேயே வலிண்டாபா என்று இன்னோர் ஆலை. 'இதைப் பற்றிப் பேச்சே இல்லை' என்பது போன்ற பொருள் அந்தப் பெயருக்கு. பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ கிண்டல் இருந்திருக்கின்றது.

வலிண்டாபா ஆலையின் வேலை என்ன? மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழு அணுதான் குண்டுக்கு உதவும் வகை. அதனை 235 என்ற எண்ணால் குறிப்பார்கள். மற்ற 993 அணுவும் கிட்டத்தட்ட அதே எடை, அதே குணம். முறத்தில் புடைத்தால் அரிசியும் உமியும் பிரியும். இங்கேயோ அரிசியிலிருந்து அரிசியைப் பிரிக்க வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, குழாய்களுக்குள் மிகு வேகத்தில் சுழற்றி, கனமானது ஓரத்துக்கும் இலேசானது நடுவுக்கும் ஒதுங்குமாறு செய்தார்கள். ஒருமுறை சுழற்றினால் கிடைக்கும் பலன் கடுகளவு. ஆகவே திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும். மின்சாரம் ஆறாக ஓடும். புதிய வழியில் யுரேனியத்தைச் செறிவாக்கப் போகிறோம் என்று பிரதமர் போர்ஸ்டர் 1970 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பெருமையாகவே சொன்னார். எல்லாம் அமைதிப் பணிக்கு என்றார். குண்டுக்கு ஏற்ற தரத்தில் முதற்பகுதி வெளிவந்தது 1978 ஜனவரியில்.

இடையில் 1974ஆம் ஆண்டு வந்தது. அந்த ஏப்ரலில் போர்ச்சுகல் நாட்டில் புரட்சி, சர்வாதிகாரம் கவிழ்ந்தது. ஆப்பிரிக்காவில் போர்ச்சுகல் வைத்திருந்த அங்கோலாவும் மொசாம்பிக்கும் அடுத்த ஆண்டே விடுதலை பெற்றன. இதுவரை தென்னாப்பிரிக்காவுக்கு வேலி போல இருந்த நாடுகள் அவை. வேலி போயிற்று. 1975இல் தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் புகுந்தது. அதை எதிர்க்கக் கியூபா கப்பலிலும் விமானத்திலும் படைகளை அனுப்பியது. சோவியத் ஆயுதங்கள் வந்தன. மறு ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளையரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் படிக்கமாட்டோம் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள்மேலும் துப்பாக்கி பேசியது. வெளியே கியூபாப் படை, உள்ளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே 'முழுத் தாக்குதல்' என்று அரசு பெயரிட்டு அழைத்தது. அதற்குப் பின்னால் மாஸ்கோ இருக்கின்றது என்று தன் மக்களுக்குச் சொன்னது. தானும் அதை நம்பியது என்றே நாம் கருதுகின்றோம். பொய்யைப் பலமுறை சொல்பவன் ஒரு நாள் அதற்குப் பயப்படவும் தொடங்குகிறான்.

கலஹாரிப் பாலைவனத்தில் வாஸ்ட்ராப் என்ற இடத்தில் சோதனைக்காக இரண்டு ஆழ்துளைகள் தோண்டப்பட்டன. ஒன்று 385 மீட்டர் ஆழம், மற்றது 216 மீட்டர். 1977 ஆகஸ்டில் முதல் ஒத்திகை நடக்க இருந்தது. அப்போது குண்டுக்கு வேண்டிய யுரேனியம்கூட ஆலையில் தேறவில்லை. உள்ளே வெறும் யுரேனியத்தை வைத்துக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒத்திகைதான் அது. வானத்தில் சென்ற சோவியத் துணைக்கோள் ஒன்று பாலைவனத்தில் கோபுரத்தையும் கட்டடங்களையும் படம் பிடித்துவிட்டது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ், பகையாளியான அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குச் செய்தி அனுப்பினார்: இதோ பாருங்கள், இதை நிறுத்துங்கள். அமெரிக்கத் துணைக்கோளும் போய்ப் பார்த்தது, செய்தி மெய். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, மேற்கு ஜெர்மனி எல்லாம் ஒருமித்து நெருக்கின. உலகில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வல்லரசுகள் இந்த ஒன்றில் ஒத்துப்போயின. குண்டு சோதிக்கும் எண்ணம் இல்லை என்று தென்னாப்பிரிக்கா வாக்களித்ததாக ஆகஸ்ட் 23ஆம் நாள் கார்ட்டர் அறிவித்தார். துளைகள் மூடிபோட்டு விடப்பட்டன.

மூன்று வாரம்கூடக் கழியவில்லை. கறுப்பின இளைஞர் தலைவர் ஸ்டீவ் பிக்கோ செப்டம்பர் 12ஆம் நாள் போலீஸ் காவலில் இறந்தார். அந்த நவம்பர் 4ஆம் நாள் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் தென்னாப்பிரிக்காவுக்கு எந்த நாடும் ஆயுதம் விற்கக் கூடாது என்று கட்டாயத் தடை விதித்தது. உறுப்பு நாடொன்றின்மேல் அம்மன்றம் இத்தகைய கட்டாயத் தடையை விதித்தது அதுவே முதல் முறை. தடை வந்ததும் குண்டு வேலை நின்றதா என்றால், இல்லை. இன்னும் ஆழமாக மறைந்து நடந்தது. ஆயுதம் விற்க மாட்டீர்கள் என்றால் நாங்களே செய்துகொள்வோம் என்ற பிடிவாதம் ஏறியது. பி. டபிள்யூ. போத்தா 1978இல் பிரதமரானார். அரசு ஆயுத நிறுவனமான ஆர்ம்ஸ்கோர் பெலிண்டாபாவுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு கட்டடம் எழுப்பி எண்பதுகளில் குண்டுகளைச் செய்தது. முறை பழையது, எளிதானது. தனித்தனியே இருந்தால் வெடிக்காத இரண்டு யுரேனியத் துண்டுகள். பீரங்கிக் குழாய் போன்ற ஒன்றில் ஒரு துண்டை மற்றதன்மேல் சுட்டு ஒன்றாக்கினால் வெடிக்கும். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் இதே வகைதான். ஒரு குண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ யுரேனியம். குண்டின் எடை ஒரு டன் அளவு. ஒவ்வொரு குண்டின் இரு பாதிகளையும் தனித்தனி இரும்பு அறைகளில் பூட்டி வைத்தார்கள்.

1979 செப்டம்பர் 22ஆம் நாள் தென்கடலில், ஆப்பிரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே, அமெரிக்காவின் 'வேலா' துணைக்கோள் இரட்டை ஒளிவெட்டு ஒன்றைக் கண்டது. அணுகுண்டு வெடித்தால்தான் அப்படி இருமுறை மின்னும். அமெரிக்க அரசு அமைத்த குழு அது குண்டாக இராது என்றது. வேறு அறிஞர் பலர் அது குண்டுதான், இஸ்ரேலின் குண்டு, தென்னாப்பிரிக்காவுக்குத் தெரிந்தே வெடித்தது என்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. நாமும் அதை அப்படியே விட்டு மேலே செல்வோம்.

இனி, உரையின் முதலில் போட்ட கேள்விக்கு வருவோம். இந்தக் குண்டுகளை யார் மேல் போடுவது?

போத்தாவின் அரசு இதற்கு மூன்று படி வைத்திருந்தது. முதற்படி, இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. இரண்டாவது, நாட்டுக்கோ அது பிடித்து வைத்திருந்த நமீபியாவுக்கோ பெரும் படையெடுப்பு வந்தால், அமெரிக்கா போன்ற நாடுகளின் காதில் மட்டும் இரகசியமாகச் சொல். மூன்றாவது, அப்போதும் அவர்கள் உதவிக்கு வராவிட்டால் பாலைவனத்தில் ஒன்றை வெடித்துக் காட்டு. அவ்வளவுதான் திட்டம். எந்த நகரத்தின்மேல் போடுவது என்பது அந்தப் படிகளில் இல்லை. குண்டு அடிப்பதற்கு அன்று. உதவிக்கு ஆள் வரவழைப்பதற்கு. சண்டைக்காரன் ஒருவன் தன் வீட்டு மண்ணெண்ணெய்த் தகரத்தின் பக்கத்தில் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்து விலக்கிவிடாவிட்டால் தெருவே எரியும் என்று அண்டை வீட்டாரை மிரட்டுவது போன்றது அது.

ஆனால் உண்மையில் அந்த ஆட்சியை அசைத்தவர்கள் யார்? எல்லைக்கு அப்பால் தாங்கியில் வந்தவர்கள் அல்லர். வீடு பெருக்கியவர், சுரங்கம் வெட்டியவர், கரும்பு வெட்டியவரின் பேரன், பள்ளிப் பிள்ளை. 1973இல் டர்பன் நகர ஆலைகளில் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் மீண்டும் தலைதூக்கின. 1984இல் இந்தியருக்குத் தனியாக ஒரு மன்றம் தருகிறோம், கறுப்பரை விட்டுவிட்டு எங்களோடு சேருங்கள் என்று அரசு ஆசை காட்டியது. பதிவு பெற்ற இந்திய வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாக்களிக்க வராதவன்மேல் அணுகுண்டைப் போட முடியுமா? சொவேட்டோவில் போட்டால் காற்று ஜோகன்னஸ்பர்க்கின் வெள்ளையர் தெருவுக்கும் வரும்.

இன்னொரு நிகழ்ச்சி. கேப் டவுன் பக்கம் கூபெர்க் என்ற இடத்தில் பிரெஞ்சு நாட்டார் அணு மின்நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1982 டிசம்பரில் அந்த நிலையத்துக்குள் நான்கு வெடிகள் வெடித்தன. வைத்தவர் அங்கேயே வேலை பார்த்த வெள்ளையர், ராட்னி வில்கின்சன் என்பவர். மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்காக அதைச் செய்தார். உலையில் எரிபொருள் இடுவதற்கு முன்பே, ஒருவர் உயிருக்கும் கேடு வராதபடி செய்தார். நிலையம் திறப்பது மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. மறு மாதமே, சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி கெர்ஹார்ட் பல ஆண்டுகளாகச் சோவியத் ஒற்றராக இருந்தார் என்று பிடிபட்டார். இரும்பு அறைக்குள் குண்டைப் பூட்டலாம். யாரை வைத்து அறையைக் காவல் காப்பது?

எண்பதுகளின் நடுவில் இன்னோர் அடி விழுந்தது. 1985இல் நாடெங்கும் கிளர்ச்சி, நெருக்கடிநிலை. அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவுக்குத் தந்த கடனைத் தவணை நீட்ட மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. அந்த செப்டம்பரில் கடனைத் திருப்பித்தர இயலாது என்று அரசு நிறுத்திவைத்தது. அவர்கள் நாணயமான ராண்ட் விழுந்தது. மறு ஆண்டு அமெரிக்கக் காங்கிரசு, அதிபர் ரீகன் தடுத்தும் கேளாமல், பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசுக் கிடங்கில் அணுகுண்டு. ஆனால் கடன்காரனுக்குத் தவணை கட்ட முடியவில்லை.

அங்கோலாவில் 1987இலும் 1988இலும் கடுஞ்சண்டை. கியூபாப் படையினர் ஐம்பதாயிரம் வரை இருந்தார்கள். கலஹாரித் துளைகளின்மேல் மீண்டும் ஒரு கொட்டகை எழுந்தது; உள்ளே தேங்கிய நீரை இறைத்துப் பார்த்தார்கள். வெளிநாட்டார் கண்ணில் படட்டும் என்றே அதைச் செய்தார்கள் என்பாரும் உண்டு. ஆனால் இரு தரப்பும் களைத்திருந்தன. 1988 டிசம்பர் 22ஆம் நாள் நியூயார்க்கில் உடன்பாடு: கியூபாப் படை திரும்பும், நமீபியாவுக்கு விடுதலை. மறு ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் இடிந்தது. 'மாஸ்கோ வருகிறது' என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

1989 செப்டம்பரில் அதிபரான டி கிளர்க், குண்டுத் திட்டத்தை முன்பே அறிந்த மிகச் சிலருள் ஒருவர். முன்னர் கனிவளத்துறை அமைச்சராக இருந்தவர். வந்த சில வாரங்களிலேயே திட்டத்தை மூட முடிவெடுத்தார். 1990 பிப்ரவரி முதல் நாள் வலிண்டாபா ஆலை நிறுத்தப்பட்டது. மறுநாள் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் மீதிருந்த தடை நீங்கியது. பிப்ரவரி 11ஆம் நாள் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறையிலிருந்து வெளியே நடந்தார். அந்தக் காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பிப்ரவரி 26ஆம் நாள் ஆறு குண்டுகளையும் பிரிக்கும்படி எழுத்தில் ஆணை பிறந்தது. அதை எவரும் பார்க்கவில்லை.

நல்ல மனத்தோடு செய்தாரா, அல்லது கறுப்பின ஆட்சியின் கையில் குண்டு போய்விடக் கூடாது என்று செய்தாரா? இரண்டு கருத்தும் உண்டு. பகை நீங்கியது, தனிமை நீங்க வேண்டும், குண்டு இனிச் சுமையே என்பது டி கிளர்க் சொன்ன காரணம். நாம் அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வாக்குரிமையைக் கொடுக்கத் துணிந்த கை, சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை மட்டும் முன்னதாகக் கழற்றிக்கொண்டது என்பதும் தெரிகின்றது. அத்தோடு, திட்டத்தைப் பற்றிய ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் துண்டு துண்டாக்கி அழித்துவிட்டார்கள். குண்டு செய்யும் வழி பிறர் கைக்குப் போகாமல் இருக்க அது தேவை என்றார்கள். யார் எதற்கு ஒப்புதல் தந்தார்கள், எந்நாடு எவ்வளவு உதவியது என்ற வரலாறும் அந்தக் காகிதத்தோடு போய்விட்டது. அது நமக்கு வருத்தம்தான்.

1991இன் நடுப்பகுதிக்குள் குண்டுகள் பிரிக்கப்பட்டு, யுரேனியம் உருக்கப்பட்டது. அந்த ஜூலை 10ஆம் நாள் தென்னாப்பிரிக்கா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனால் குண்டு இருந்தது என்று அப்போதும் சொல்லவில்லை. வியன்னாவிலுள்ள அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தார் வந்து ஆலையின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் தோட்டத்து ஸ்டோரில் பால் அளந்த கணக்கையும் ரப்பர் அனுப்பிய கணக்கையும் ஒப்பிடுவது போல, ஆலை நாள்தோறும் செய்த யுரேனியத்தின் கணக்கையும் கையிருப்பையும் ஒப்பிட்டார்கள். சந்தேகம் வளர்ந்தது. அதன் பிறகுதான் 1993 மார்ச் அறிவிப்பு. செலவு 70 கோடி முதல் 80 கோடி ராண்ட் வரை என்று டி கிளர்க் கணக்குச் சொன்னார். பின்னர் அந்நிறுவனத்தார் கேட்ட இடத்தையெல்லாம் திறந்து காட்டினார்கள்; கலஹாரித் துளைகளை அவர்கள் கண்முன்னே அடைத்தார்கள். கணக்கு நேராக இருக்கின்றது என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இதைக் கேட்கும்போது வட கொரியாவின் நினைவு வருவது இயல்பு. 2018 ஜூன் 12ஆம் நாள் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் அமெரிக்க அதிபரும் வட கொரியத் தலைவரும் கைகுலுக்கியதை நாம் பார்த்தோம், ஆயுதம் குறையவில்லை. தென்னாப்பிரிக்கா போல வட கொரியாவும் ஏன் செய்யக் கூடாது என்று கேட்பவர்கள் ஒரு வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் முதலில் ஆட்சியே மாற ஒப்புக்கொண்டது. ஆட்சியைக் காக்கச் செய்த குண்டு அதன் பிறகே வேண்டாததாயிற்று. வட கொரியா 2006இல் முதல் குண்டை வெளிப்படையாக வெடித்துக் காட்டியது. அங்கே அதே ஆட்சி அதே குடும்பத்தின் கையில் இருக்கின்றது.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க மக்கள் எல்லாரும் முதன்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த ஜூன் முதல் நாள் அந்நாடு காமன்வெல்த்தில் மீண்டும் சேர்ந்தது. துங்கு அதைக் காண இல்லை, 1990 டிசம்பரில் மறைந்துவிட்டார். 1996இல் ஆப்பிரிக்கக் கண்டத்தில் அணு ஆயுதமே கூடாது என்று கெய்ரோவில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பெலிண்டாபா ஒப்பந்தம் என்றே பெயர் சூட்டினார்கள். குண்டிலிருந்து எடுத்த யுரேனியத்தில் ஒரு பகுதி, பழைய சபாரி-1 உலையில் நோய் காணும் மருந்துப் பொருள் செய்யப் பயன்பட்டது. இதயத்திலும் எலும்பிலும் நோயைப் படம் பிடிக்க மருத்துவமனைகளில் ஊசி வழியாக ஏற்றும் பொருள் அது. எஞ்சிய யுரேனியம் பெலிண்டாபாவில் காவலுக்குள் இருக்கின்றது. அனைத்துலக நிறுவனத்தார் வந்து அதன் கணக்கைப் பார்த்துச் செல்கின்றனர்.